ஓவர்சாம்பிளிங்கும் மாமனாரின் சுருதியும்

அரைகுறையாகத் தெரிந்த விஷயங்களைத்தான் நான் உரக்கப் பேசுவேன். கல்யாணமான புதிதில் அந்த விஷயம் சிடி ப்ளேயர்.

என் மாமனார் தலைநகரில், லோதி ரோடு அரசு குவார்ட்டர்ஸில் குடியிருந்த மத்திய அரசு அதிகாரி. காலனி விழாவில் அவர் பாடியதை யாரோ சிடியில் பதிந்து கொடுத்திருந்தார்கள். போட்டுக் கேட்கும்போதெல்லாம் முகம் வாடிவிடும்.

"நேர்ல நல்லாத்தான் பாடினேன் மாப்பிள்ளை. இதுல என்னமோ பிசிறடிக்குது."

"உங்க குரல்ல ஒண்ணுமில்ல மாமா. எல்லாம் ப்ளேயர் பண்ற வேலை." (ஆறுதல் பாதி, மேதாவித்தனம் மீதி.)

சிடியில் இருப்பவை வெறும் எண்கள். அவற்றை ஒலியாக்கும் முன், அடுத்தடுத்த எண்களுக்கு நடுவே ப்ளேயர் புது எண்களைக் கணக்கிட்டுச் சேர்க்கிறது. வேண்டாத இரைச்சலை இசையைவிட வெகு உயரமான அதிர்வெண்ணுக்குத் தள்ளி, சுலபமாக வடிகட்டத்தான் இந்த ஓவர்சாம்பிளிங். நானோ அதைக் கலப்படம் என்று முடிவு கட்டியிருந்தேன். ப்ளேயருக்குப் பதிலாக, அந்தக் கலப்படமில்லாமல் எண்களை ஒலியாக்கும் ஒரு பெட்டியும் வாங்கி வைத்திருந்தேன்.

மாமனார் நம்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அலுவலக நண்பர்களைச் சாப்பிடவும் பாட்டுக் கேட்கவும் அழைத்துவிட்டார்.

முதலில் வெறும் ப்ளேயரில் பாட்டு ஓடியது. பிறகு பெட்டியை இணைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. அதே பாட்டு மறுபடி தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு, "கேளுங்க, சுருதி எப்படி வந்து உக்காருது பாருங்க" என்றேன்.

"ஜமீன் ஆஸ்மான் வித்தியாசம் சார், மண்ணுக்கும் வானத்துக்கும் உள்ள தூரம்" என்றார் ஒரு நண்பர். மாமனாரின் கண்கள் கலங்கின.

ப்ளேயருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள் என் மனைவி வித்யா. "அச்சா, ஒரு நிமிஷம். ஆம்ப்ளிஃபயர் வயர் இன்னும் ப்ளேயர்லயேதான் சொருகியிருக்கு. உங்க பெட்டி வழியா ஒண்ணுமே வரல."

அந்த நண்பர் தன் சாம்பார் கிண்ணத்தை ஆராயத் தொடங்கினார். எனக்கு முனிர்காவில் இருந்த என் பழைய பிரம்மச்சாரி அறைக்கே ஓடிவிடலாம் போலிருந்தது.

"இப்ப மாத்திப் போடுங்க" என்றார் மாமனார் அமைதியாக. வயரை மாற்றினேன். கடைசி வரை அசையாமல் கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதான் சொல்லுது மாப்பிள்ளை. பல்லவியிலேயே சுருதி விட்டிருக்கேன். இத்தன நாளா மெஷினத் திட்டிட்டு, பாட்ட நான் சரியா கேக்கவே இல்ல."

அதில் கோபம் இல்லை. அதுதான் என்னை அதிகம் குறுக வைத்தது.

மறுவாரமே அவர் பாட்டு வகுப்பில் சேர்ந்தார். இன்று ஓய்வு பெற்று எங்களோடு இருக்கிறார். தினமும் விடிந்ததும் சாதகம். அக்கம்பக்கத்தாரின் தூக்கம் கெடுவதற்கு வீட்டில் என்னைத்தான் பொறுப்பாக்குகிறார்கள். பாடி முடித்ததும் என் அபிப்பிராயத்தைக் கேட்பார். நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து வித்யாவின் குரல் வரும்:

"வயரப் பாத்துட்டுச் சொல்லுங்க."