கன்வேயர் அக்காவின் வீட்டுப்பாடத் தொழிற்சாலை

கல்விக் கொள்கை வகுக்கும் மேதாவிகள் அத்தனை பேரும் ஆம்பூரில் எங்கள் தெருவுக்கு வந்து, கன்வேயர் அக்காவிடம் ஒரு வாரம் வேலை பார்க்க வேண்டும். அதன் பிறகு கல்விப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்கள்.

அக்கா ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். அங்கே கன்வேயர் பெல்ட்டில் ஷூ நகர்ந்து வரும். ஒருத்தி பசை தடவுவாள், அடுத்தவள் ஒட்டுவாள், இன்னொருத்தி துடைப்பாள். முழு ஷூவை யாருமே செய்வதில்லை. ஆனாலும் ஷூ ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இந்த மகத்தான தத்துவத்தை எங்கள் தெருவின் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மீது அவர் இறக்கிவிட்டார்.

மாலையானால் ஐந்து பிள்ளைகள் அவர் வீட்டு ஹாலில் வரிசையாக உட்காருவார்கள். நோட்டுகள் நகரும். ஒருவன் மார்ஜின் போடுவான். யாஸ்மின் கணக்குப் போடுவாள். என் மகள் கயல் படம் வரைவாள். ஐந்து நோட்டிலும் ஒரே யானை, ஒரே தும்பிக்கை. அரை மணியில் சரக்கு தயார். பெற்றோர்களாகிய நாங்கள் நன்றிப் பெருக்கோடு சீரியல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தினமும் குடும்பத்தோடு ஒரு பக்கம் வாசிக்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். குடும்பத்துக்கு ஏது நேரம்? அதுவும் கன்வேயரில் ஏறியது. ஆளுக்கு ஒரு வரி. அக்கா தலைமாட்டில் நின்று அதட்டுவார்.

"இன்னாடா இவ்ளோ ஸ்லோவு? டார்கெட் போய்டும், சத்தமா படி!"

ஒருநாள் வகுப்பில் டீச்சர் கயலை எழுப்பி ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார். அவள் மூன்றாவது வரியை மட்டும் கணீரென்று வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"மீதி யாரு படிப்பா?"

"அது யாஸ்மின் வேலை மிஸ்."

மறுநாளே என்னை அழைத்தார்கள். வருகிற வெள்ளிக்கிழமை ஒரு பக்கம் முழுசாக வாசிக்காவிட்டால், வாசிப்பு வகுப்புக்குக் கயல் ஒன்றாம் வகுப்பில்தான் உட்கார வேண்டுமாம். பிள்ளை சாப்பிடாமல் அழுதாள். நான் கொதித்துப்போய் அக்கா வீட்டுக்குப் போனேன்.

"கொழந்தைய திட்டாதீங்க சார். ஆளை மாத்தி மாத்தி வுடாதது என் மிஸ்டேக். ஒருத்தர் லீவு போட்டா பக்கத்து ஆளு அந்த வேலையும் பாக்கணும் இல்ல? வெள்ளிக்கெழமைக்குள்ள முடிச்சுத் தர்றேன். பேஜாராவாதீங்க."

அன்று முதல் தினமும் கூடுதலாக ஒரு பிள்ளைக்கு 'லீவு'. அந்தப் பிள்ளையின் வரியும் கயல் தலையில் விழும். லீவில் போனவர்கள் சுவரோரம் உட்கார்ந்து கேட்பார்கள். எனக்கும் ஒரு வேலை தரப்பட்டது: வாயை மூடிக்கொண்டு கேட்பது. என் படிப்புக்குத் தகுந்த வேலை என்று அக்கா நினைத்திருக்க வேண்டும். கடைசி நாளில் நான்கு பேருமே லீவு.

வெள்ளிக்கிழமை என்னையும் பள்ளிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வகுப்பில் கயல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தாள். கம்பெனியின் சாப்பாட்டு இடைவேளையில் ஏப்ரனோடு அக்கா ஓடி வந்து நின்ற பிறகுதான் வாயைத் திறந்தாள். திக்கினாள், திணறினாள், கடைசி வரி வரைக்கும் வாசித்து முடித்தாள்.

"பாஸ்! பேக் பண்ணு!" என்று வாசலிலிருந்து ஒரு கத்தல். டீச்சர் முறைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது கயல் தனியாகவே வாசிப்பாள். இருந்தாலும் மாலையானால் புத்தகத்தோடு அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறாள். நானும் கூடவே போகிறேன். அந்த அம்மாளை எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. அவர் லீவு போட்டால் அவர் வேலையைப் பார்க்க எங்கள் தெருவில் ஆளே கிடையாது.