மஞ்சளாக ஒரு சாம்பிள்

இருமித் துப்பியதை எட்டிப் பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு; ஒப்புக்கொள்ளத்தான் மாட்டோம். நான் ஒப்புக்கொள்வேன். அதை ஒரு கம்பெனி மேனேஜர் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தவனுக்கு இனி என்ன மானம்?

தண்டையார்பேட்டையில் ஓர் எண்ணெய்க் கிடங்கில் எனக்கு வேலை. கப்பலில் வந்த பாமாயிலில் கொஞ்சம் எடுத்து, பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, வாங்குபவர்களிடம் காட்ட வேண்டும். அப்போது மூன்று வாரமாக விடாத இருமல். சளி மஞ்சளாக வந்தது. வீட்டில் இரண்டு மாதக் கைக்குழந்தை. டிபியாக இருந்துவிட்டால்? பயத்தில் மகளைத் தொடாமல், மாஸ்க் போட்டுக்கொண்டு வாசலில் நின்றே பார்த்தேன். (பார்த்தால் அழுகை வரும், அழுதால் இருமல் வரும்.)

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அக்கா, எங்கள் சாம்பிள் டப்பா மாதிரியே ஒரு டப்பாவை நீட்டினார். "எச்சியத் துப்பிக் குட்த்துராத நைனா. காலைல எய்ந்ததும் வாயக் கொப்ளிச்சிட்டு, மூச்ச நல்லா இஸ்து, நெஞ்சுலேர்ந்து இருமி எடு."

"மஞ்சளா வருதேக்கா, டிபியா?"

"கலர மட்டும் வச்சி சொல்ல முடியாது. டெஸ்ட்டு சொல்லும். ரத்தம் கித்தம் வந்தா மட்டும் ஒட்னே ஓடியா."

மறுநாள் காலை பயபக்தியோடு இருமி, டப்பாவை இறுக்கி மூடிப் பையில் போட்டேன். அதே பையில் பாமாயில் சாம்பிளும் இருந்தது. மார்கழிக் குளிரில் அது உறைந்து, மஞ்சளாக, கொழகொழவென்று... புரிந்திருக்கும். ஆஸ்பத்திரி வாசலில் அவசரமாகப் பேர் எழுதி ஒட்டும்போது கோட்டை விட்டேன். ஒன்றை அங்கே கொடுத்துவிட்டு, மற்றதோடு திருவொற்றியூரில் ஒரு சோப்பு கம்பெனிக்குப் போனேன்.

மேனேஜர் டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இன்னாபா, நுரை கட்டிக்கினு கீது? சரக்கு மட்டமாச்சே" என்று மூடியில் கை வைத்தார். மோந்து பார்ப்பது அவர் வழக்கம். அந்த நேரம் என் போன் அடித்தது. நர்ஸ் அக்கா.

"இன்னா நைனா குட்த்துட்டுப் போய்க்கீற? உன் சளில பூரி சுடலாம் போல கீதே!"

பாய்ந்து டப்பாவைப் பிடுங்கினேன். "சார், தொறக்காதீங்க! அது என்னுது!"

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும், தன் கம்பெனிச் சோப்பில் ஒன்றைக் கரைத்துவிட்டுத்தான் குழாயடியை விட்டு வந்தார்.

சரியான டப்பா சரியான இடம் சேர்ந்தது. டிபி இல்லை, மாத்திரையில் போகிற சளிதான். போன உயிர் திரும்பி வந்தது. வீட்டுக்கு ஓடி ரிசல்ட்டை நீட்டினேன். என் மனைவி இரண்டு முறை படித்துவிட்டு, குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுத்தாள். நான் வாய்விட்டு அழுதேன்.

மகள் இப்போது மூன்றாம் வகுப்பு. "உங்க அப்பா என்ன வேலை பாக்குறாரு?" என்று டீச்சர் கேட்டிருக்கிறார். என் மச்சினன் சொல்லிக்கொடுத்தபடி, எழுந்து நின்று, கைகட்டிச் சொல்லியிருக்கிறாள்: "சளி யாவாரம், மிஸ்."