கருடன் வந்தால் கை நிற்காது

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு சபதம் எடுத்தேன். என் மகளை என்னோடு ஐந்து நிமிடமாவது பேசவைத்தே தீருவது.

ஷர்மினி மெல்பர்னுக்கு வேலைக்குப் போய் இரண்டு வருடம். வாராவாரம் அம்மாவைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசுவாள். கடைசியில் போன் என் கைக்கு வரும். "சாப்பிட்டீங்களாப்பா?" "சாப்பிட்டேன்மா." அவ்வளவுதான், போன் திரும்பிப் போய்விடும். அப்புறம் எங்கள் ஊர் ஜெலாப்பாங்கில், வீட்டில் நானும் தலைக்கு மேல் சுற்றும் காற்றாடியும்தான். எனக்குப் பேச்சு வராது. அதற்காகப் பேச ஆசை இல்லாமல் போய்விடுமா?

சின்ன வயதில் வானத்தில் கருடனைக் கண்டால் என் தோளில் ஏறிக்கொள்வாள். காம்பார் பக்கம், பழைய ரப்பர்த் தோட்டத்தை ஒட்டிய ஈயம் தோண்டிவிட்ட குட்டையோரம், ஒரு நெட்டை மரத்தில் கருடன் குஞ்சு பொரித்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். படம் எடுத்து அனுப்பினால் என்னைத்தானே கூப்பிட்டாக வேண்டும்? பழைய கேமரா ஒன்று வாங்கினேன். மனைவி நவமணியிடம் கோயிலுக்கென்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மூன்று சனிக்கிழமை போனேன். கருடன் மீனோடு வரும். குஞ்சு வாயைத் திறக்கும். நான் கேமராவை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். ஐம்பத்தெட்டு வருடப் பழக்கம், என்ன செய்ய? கண்ணைத் திறந்தால் கருடன் காம்பாரையே தாண்டியிருக்கும்.

நவமணி கேமராவைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"கோயிலுக்குப் போறவரு நெத்தியில திருநீறே இல்லாம வர்றப்பவே நெனச்சேன். இது என்ன படம்?"

"கருடன்லா."

"கருடன் எப்பங்க காலுல சப்பாத்து போட ஆரம்பிச்சுச்சு?"

"கை கொஞ்சம் ஆடிருச்சு."

"யாருக்கு இதெல்லாம்?"

"மெல்பர்ன்ல இப்ப மணி என்ன இருக்கும்?" என்று கேட்டேன்.

"சரி, நானும் வாரேன். சாப்பிட நாசி லெமாக் கட்டிக்கிட்டுப் போலாம்."

நாலாவது சனிக்கிழமை கருடன் வந்தது. என் கைகள் கன்னத்துக்குப் போய்விட்டன. பக்கத்தில் 'க்ளிக்' என்றது.

"எடுத்துட்டியா?"

"போன்ல எடுத்து ஷர்மினிக்கு அனுப்பியும் ஆச்சு."

போச்சு. இனி அவள் அம்மாவைத்தான் கூப்பிடுவாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

என் சட்டைப்பையில் போன் அடித்தது. ஷர்மினி! சிரிக்கிறாள், சிரித்துக்கொண்டே அழுகிறாள்.

"அப்பா, இங்க கடல்காக்கா பறந்தாகூட என் கை கன்னத்துக்குப் போயிருதுப்பா. எல்லாரும் ஒரு மாதிரியா பார்க்கிறாங்க."

குஞ்சைப் பற்றிச் சொன்னேன். மீனைப் பற்றிச் சொன்னேன். அவள் இல்லாமல் வீடு வெறிச்சோடிக் கிடப்பதையும் சொல்லிவிட்டேன். முழுசாக நாற்பது நிமிடம்!

போனை வைத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தினேன்.

"பார்த்தியா? கருடன் படம் போனா என்னைத்தான் கூப்பிடுவாள்னு எனக்குத் தெரியும்லா."

நவமணி தன் போனை நீட்டினாள். படத்தில் கருடன் இல்லை. கழுத்தில் கேமரா தொங்க, கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு நான்தான் நின்றேன்.

"அடுத்த வாரமும் வருவோங்க. கேமரா மட்டும் வீட்டுலயே இருக்கட்டும்."