முதல் சுவர்

தண்ணீர் பாய வேண்டியது சுவரில். பாய்ந்துகொண்டிருந்தது ஸ்டோர் கீப்பரின் அக்குளில்.

பம்பும் ஹோஸும் சேரும் இடத்தில் கிளம்பிய பீச்சலை இடது கையால் பொத்தினார். அது விரல் இடுக்கில் புகுந்து முகத்தில் அறைந்தது. வலது கையில் துப்பாக்கி மாதிரி நீளக் குழாய். அதன் முனையில் வந்த தண்ணீர் ஒரு பூந்தொட்டிக்குக்கூடக் காணாது.

"சுவரைக் கழுவ வந்தீங்களா, குளிக்க வந்தீங்களா சார்?" என்று கேட்டுவிட்டு, வாட்ச்மேன் தன் ஸ்டூலை நனையாத பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

பல் டாக்டரம்மாவின் கிளினிக் அது. வெள்ளைச் சுற்றுச்சுவரில் கேட் முதல் மூலை வரை செம்மண் கறை. கைக்கு எட்டும் உயரம் வரைதான். அதற்கு மேல் சுவர் பளிச்சென்று இருந்தது. லாரி போகிற வேகத்தில் சேறு அடித்திருக்கும் என்று ஸ்டோர் கீப்பர் வந்ததுமே முடிவு கட்டிவிட்டார். மாலையில் நோயாளிகள் வருவதற்குள் கழுவி முடிக்க வேண்டும் என்பது பேச்சு.

ஸ்டோர் கீப்பர் என்பது பழைய உத்தியோகம். கம்பெனியை இழுத்து மூடிய பிறகு பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. துணிந்து, தண்ணீரை வேகமாகப் பீச்சிக் கழுவும் இந்த மெஷினை வாங்கினார். 'சுவர், தரை, வாசல் எல்லாம் பளிச்' என்று நோட்டீஸ் ஒட்டினார். ஒரு போன் வரவில்லை. மனைவியின் அண்ணன் தன் கடைக் கல்லாவில் உட்காரக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்தால் 'வாங்க மாப்பிள்ளை' என்கிறவர், கடையில் 'ஏம்ப்பா' என்பார். அதை நினைத்தாலே ஸ்டோர் கீப்பருக்குச் சோறு இறங்காது.

"இந்த வாரமும் வேலை வரலைன்னா மெஷினை வித்துடறேன்" என்று மனைவியிடம் அவர் சொல்லி இரண்டு நாள்கூட ஆகவில்லை, டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்துவிட்டது. உலகத்தில் அழுக்குக்குப் பஞ்சமில்லை என்று அன்றுதான் அவருக்கு நம்பிக்கை வந்தது.

எஞ்சினை அணைத்தார். வெள்ளை டேப்பை எடுத்து மரையில் சுற்றினார். இன்னும் கொஞ்சம் சுற்றினார். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டது போல ஆனதும் ஸ்பேனரை வைத்து முழு பலத்தோடு இறுக்கினார். உள்ளே ஏதோ 'சடக்' என்றது.

எஞ்சினைக் கிளப்பினார். இப்போது இரண்டு பக்கமும் பீச்சியது.

"ஒண்ணு போட்டா ஒண்ணு இலவசமா சார்?" என்றார் வாட்ச்மேன்.

போன் அடித்தது. மனைவி. குழாய் விசையை விட்டுவிட்டு, எஞ்சின் ஓட ஓடவே எடுத்தார்.

"கிச்சன் குழாய்ல தண்ணி நிக்கவே மாட்டேங்குது. வாஷரைக் கழட்டினீங்களா?"

"காலைல மெஷின் லேசா ஒழுகிச்சு. அவசரத்துக்கு எடுத்து இதுல போட்டேன்."

"அங்க ஒழுகுறது நின்னுதா?"

"இல்ல."

"ஆக இப்ப ரெண்டு இடத்துலயும் ஒழுகுது."

மூன்று இடம் என்று அவர் திருத்தவில்லை. பேச்சு நீண்டுகொண்டே போனதில், பம்பின் அடியிலிருந்து வெந்நீர் சொட்ட ஆரம்பித்திருந்தது. போனை வைத்துவிட்டு அவர் ஒரு குச்சியைச் சீவி அந்த ஓட்டையை அடைத்தார். எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு உயிரை விட்டது. எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தார். அசையவில்லை. காலை ஊன்றி இழுத்தார். கயிறு அப்படியே இருந்தது. அவர்தான் மெஷின் பக்கம் போனார்.

டாக்டரம்மா வெளியே வந்தார். "அப்பாடா, நின்னுச்சா? உள்ள ஒருத்தர் கதறி அழுதுட்டார். நான் இன்னும் டிரில்லைக் கையிலகூட எடுக்கல."

"இதோ, கொஞ்ச நேரத்துல முடிச்சுடறேன் மேடம்." அவர் கண்முன்னால் கல்லாப் பெட்டி தெரிந்தது. 'ஏம்ப்பா' என்ற சத்தமும்.

ஆட்டோவில் வந்து இறங்கினாள் மனைவி. கையில் ஒரு சின்னப் பாக்கெட். "மெஷின் வந்த அட்டைப்பெட்டிக்குள்ள ஒட்டி வச்சிருந்தான். ரப்பர் வளையம். பெட்டியை யாராவது பார்த்தாத்தானே?"

பாக்கெட்டைப் பிரித்தார். பிய்ந்துபோன கிச்சன் வாஷரை நோண்டி எடுத்துவிட்டு, டேப்பையெல்லாம் உரித்துப் புது வளையத்தைப் போட்டார். கையாலேயே திருகினார். கச்சிதமாக உட்கார்ந்தது.

"அந்தக் குச்சியைப் பிடுங்குங்க. அது ஓட்டை இல்ல. குழாயை மூடி வச்சுட்டு எஞ்சினை ஓடவிட்டா உள்ள சூடு ஏறும். அது வெளிய போறதுக்கு வழி. இப்ப விசையை அழுத்திட்டுக் கயிறை இழுங்க, அடைச்சு நிக்கிற தண்ணி விட்டாத்தான் அசையும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கூட வந்த புத்தகத்தைப் படிச்சேன். வாயை மூடிக்கிட்டு உள்ளுக்குள்ள ஓடிட்டே இருந்தா சூடுதான் ஏறும். ஒரு மாசமா வீட்லயும் அதைத்தான் பார்க்கிறேன்."

அவர் குச்சியைப் பிடுங்கினார், விசையை அழுத்தி இழுத்தார். முதல் இழுப்பிலேயே எஞ்சின் உறுமியது. ஒரு சொட்டு ஒழுகவில்லை.

அப்புறம் நடந்ததை ஸ்டோர் கீப்பர் ஆயுசுக்கும் மறக்கமாட்டார். குழாய் போன பக்கமெல்லாம் கறை வெண்ணெயாக வழிந்தது. தொழில் கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தார். வாட்ச்மேன் துடைப்பத்தோடு எழுந்து, வழிந்த சேற்றைப் பொறுப்பாக ஒரு ஓரமாகத் தள்ளிச் சேர்த்தார். மனைவி தன் வலது தோளைப் பிடித்துவிட்டபடி நின்றாள்.

"தோள்ல என்ன?"

"தையல் மெஷின்ல உட்கார்ந்தே இருக்கேன்ல. பரவாயில்ல, சுவர் நல்லாத்தான் வந்திருக்கு." சொல்லிவிட்டு வந்த ஆட்டோவிலேயே போய்விட்டாள்.

டாக்டரம்மா வந்து பார்த்துத் தலையாட்டினார். "பின்பக்கச் சுவர்ல பாசி பிடிச்சிருக்கு. அது நிஜ அழுக்கு. அடுத்த வாரம் வந்து அதையும் பண்ணிடுங்க."

எதிரே இருந்த கண்ணாடிக் கடைக்காரரும் தன் ஷட்டரைக் காட்டி, எப்போது வர முடியும் என்று கேட்டுப் போனார். ஸ்டோர் கீப்பர் ஹோஸைச் சுருட்டிக்கொண்டே யோசித்தார். நிஜ அழுக்கு என்றால்?

வாட்ச்மேன் சேற்றை மண்வெட்டியால் அள்ளி, கேட் ஓரம் பள்ளமாகக் கிடந்த பூச்செடிப் பாத்தியில் கொட்டிக்கொண்டிருந்தார்.

"அழுக்கை எதுக்குங்க செடிக்குப் போடறீங்க?"

"என் பாத்தி மண்ணு சார் இது. முந்தாநாள் உங்க வீட்டம்மா வாளியில கரைச்சுச் சுவர்ல அடிக்கிறப்பவே, நீங்க கழுவினதும் திருப்பி எடுத்துக்கலாம்னு சொல்லித்தான் வாங்கினாங்க."