மஞ்சள் பூசிய தேனீப் பானை

வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கத் தெரியாதவர்கள்தான் பெரிய பெரிய திருட்டு வேலையெல்லாம் செய்கிறார்கள். நான் அந்த ரகம். ஐந்தாவது வரை படித்தேன். தண்ணீர் குடிக்கப் போகக்கூட டீச்சரிடம் கேட்டதில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் மகன் கீழ்க்கட்டளை வீட்டை விற்றுவிட்டு சிறுசேரிப் பக்கம் பிளாட் வாங்கினான். அதில் எனக்கும் ஒரு அறை என்று பேச்சு. நாங்கள் சாமான் கட்டும்போதே, வாங்கியவர் பின்சுவரை இடிக்க ஆள் அனுப்பிவிட்டார். சுவர் ஓட்டைக்குள் கொசுத்தேனீக் கூடு. பல வருஷமாக நான் துணி துவைக்கும்போது காதோரம் போய் வந்தவை. (அந்த வீட்டில் எனக்குப் பேச்சுத்துணையும் அவைதான்.)

"இது கொட்டாது ஆயா" என்றார் கொத்தனார். "மரப்பொந்துல கீது, சுவத்துல கீது, மீட்டர் பொட்டில கூட கீது. எங்க வெச்சாலும் பொழச்சிக்கும்." கூட்டை மெழுகோடு பெயர்த்து ஒரு பானையில் வைத்துக் கொடுத்தார்.

பால்கனியில் வைக்கலாமா என்று மகனிடம் கேட்க வேண்டும். ஒரு வாரம் ஒத்திகை பார்த்தேன், வாய் வரவில்லை. கிரகப்பிரவேசத்தன்று பானைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வாயில் துணி கட்டி, சீர்த்தட்டுகளோடு தூக்கிப் போய்விட்டேன். மங்களகரமாக இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? (என் மூளை அவ்வளவுதான்.)

யாரும் கேட்கவில்லை. பால் காய்ச்சும் பானை என்று நினைத்து, மருமகளின் அம்மா துணியை அவிழ்த்தார். உள்ளே ஏதோ கறுப்பாக இருக்கிறதே என்று கரண்டியால் கிண்டினார்.

கொட்டாதுதான். ஆனால் கோபம் வந்தால் முடிக்குள் புகுந்து கடிக்கும் என்பதைக் கொத்தனார் சொல்லவில்லை. மல்லிகைப்பூ வைத்த தலை, டை அடித்த தலை, ஐயரின் குடுமி, எதையும் விடவில்லை. வழுக்கைத் தலைக்காரர்கள் மட்டும் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள்.

"யாரு கொண்டாந்தது இதை?" என்றார் சம்பந்தியம்மா, கொண்டையை உதறிக்கொண்டே.

மகன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். புது டைல்ஸ், நல்ல பளபளப்பு.

"கேட்டிருக்கலாமேம்மா."

கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பான். அது இருவருக்கும் தெரியும்.

சாயங்காலம் மருமகள் வந்தாள். "அத்தை, உங்களுக்கு இந்த இடமெல்லாம் செட் ஆகாது. தாம்பரத்துல சின்னதா ஒரு போர்ஷன் பாத்துடலாம். ஸ்டேஷன் பக்கத்துலயே." (நான் எந்த ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை.) சரி என்றேன். ஏன் என்று அதையும் கேட்கவில்லை.

வாட்ச்மேன் பானையைக் கீழே கார் நிறுத்துமிடத்தில் வைத்தார். தேனீக்கள் அங்கிருந்த பழைய குழாய்க்குள் புகுந்து, மெழுகில் வாசல் கட்டிக் குடித்தனத்தை ஆரம்பித்துவிட்டன. யாரும் தொந்தரவு செய்யக்கூடாது என்று அசோசியேஷன்காரர்கள் போர்டு மாட்டியிருக்கிறார்கள்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நான் போகிறேன். மணி அடித்ததும் உள்ளேயிருந்து குரல் வரும்: "அம்மா வந்தாச்சு, எல்லாரும் தலையில துணி கட்டிக்கோங்க." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே, வாசலிலேயே பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே போகிறேன்.