கோட்டுக்குக் கீழே போன சத்தம்

எங்கள் ஊர் மைக்செட் ஹலோவைப் போல மனுஷன் வாயை மதித்த ஆள் இந்தப் பூமியில் அவருக்கு முன்னாலும் பிறந்ததில்லை, பின்னாலும் பிறக்கப் போவதில்லை. சந்தேகம் இருந்தால் சொல்லுங்கள், முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

கெங்கவல்லிக்கும் தம்மம்பட்டிக்கும் நடுவில் ஆற்றை ஒட்டிய சின்ன ஊர் அது. எண்பதுகளில் நான் அங்கே பஞ்சாயத்து ஆபீசில் குமாஸ்தா. ஊரில் ஒரே ஒரு மைக்செட். மைக்கைக் கையில் எடுத்தால் "ஹலோ, ஹலோ" என்று ஆரம்பித்து, அது சரியாகக் கேட்கிறதா என்று கடைசி வீடு வரை போய் விசாரித்துவிட்டு வந்துதான் அடுத்த வார்த்தை பேசுவார் அதன் சொந்தக்காரர். அதனால் ஊருக்கே அவர் ஹலோ. சொந்தப் பெயர் தெரிந்த ஒரே ஜீவன் அவருடைய மனைவி. அந்தம்மாவோ புருஷன் பெயரைச் சொல்லாதவர். ரேஷன் கார்டுக்குப் பெயர் எழுத வந்தவர் விடாமல் கேட்டபோது, வெட்கப்பட்டுக்கொண்டு மூலையில் இருந்த ஆம்ப்ளிஃபயரைக் கையால் காட்டினார். கார்டில் கடைசியில் என்ன எழுதினார்களோ, அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம்.

ஆள் திருச்செங்கோட்டுப் பக்கம். பெண் எடுத்த ஊரிலேயே தங்கிவிட்டவர். எங்கள் ஊர்க்காரர்கள் "யோவ்" என்று கூப்பிட்டால் "ஏனுங்க" என்று திரும்பிப் பார்ப்பார். அந்த மரியாதையை மட்டும் சாகிறவரை விடவில்லை.

அவருடைய ஆம்ப்ளிஃபயரில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். மனைவியின் நகப்பாலிஷை எடுத்து அவரே போட்ட கோடு. கல்யாணமோ கருமாதியோ, மாரியம்மன் கோயில் கூழோ கட்சிக் கூட்டமோ, திருகு அந்தக் கோட்டில்தான் நிற்கும். ஆளும்கட்சிக்காரர் வந்து, "கொஞ்சம் ஏத்துய்யா, அவனுங்க ஆபீசு வரைக்கும் காது கிழியணும்" என்பார். "கோடுங்க" என்பார் ஹலோ. மறுவாரம் எதிர்க்கட்சிக்காரர் வந்து, "அவனுக்கு ஏத்தி வெச்சியாமே?" என்று மல்லுக்கு நிற்பார். அவருக்கும் "கோடுங்க"தான். ரெண்டு கட்சியுமே இவர் அந்தப் பக்கத்து ஆள் என்று சத்தியம் செய்தன.

ஒரு தடவை மேடையில் பெரிய தலைவர் பேசிக்கொண்டிருக்கிறார். கீழே ஒரு குடிகாரர் வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஏதோ கத்துகிறார். போலீஸ்காரர் அவரை இழுக்க வருவதற்குள் ஹலோ இன்னொரு மைக்கைக் கொண்டுபோய் அவர் வாய்க்கு நேரே நீட்டிவிட்டார். "எங்க தெருவுல தண்ணி வரலைடா!" என்று நாலு குழாய் ஸ்பீக்கரிலும் கேட்டது. தலைவர் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறிவிட்டது.

"யோவ், அறிவிருக்கா? குடிகாரனுக்கு எதுக்குய்யா மைக்கு?"

"அவரும் பேசறாருங்களே. ஒருத்தர் வாயைத் தொறந்து அது நாலு பேத்துக்குக் கேக்கலைன்னா, தொழிலுக்கே அசிங்கமுங்க."

அன்றைக்கு வாடகைப் பணமும் வரவில்லை, கட்டியிருந்த ஒரு குழாயும் திரும்பி வரவில்லை. அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. அந்தத் தெருவுக்குத் தண்ணீர் வந்துவிட்டதா என்று மட்டும் என்னிடம் வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

இப்படிப்பட்ட மனுஷன் இருக்கிற ஊருக்கு டிவி வந்தது. பஞ்சாயத்து டிவி. மரப்பெட்டிக்குள் வைத்து, பூட்டி, சாவி என் இடுப்பில். சாயங்காலமானால் ஆபீஸ் வாசலில் ஊரே வந்து உட்கார்ந்துவிடும். முன்வரிசைக்குப் படமும் சத்தமும், நடுவரிசைக்குப் படம், பின்வரிசைக்கு முன்வரிசைக்காரன் முதுகு. ஹலோவுக்கு இது பொறுக்கவில்லை. டிவியிலிருந்து ஒயர் இழுத்துத் தன் ஆம்ப்ளிஃபயரில் கொடுத்து, வேப்பமரத்தில் குழாயைக் கட்டினார். காசு வாங்கவில்லை. மெட்ராஸில் தமிழில் வாசித்தாலும், அரசாங்க டிவி என்றால் எங்களுக்கு டெல்லிதான். அன்றிலிருந்து டெல்லி செய்தியும் எங்கள் ஊரில் கோட்டில்தான் வாசிக்கப்பட்டது.

அரசாங்க டிவி செய்தி அந்தக் காலத்தில் எப்படி இருக்கும் என்று வயதானவர்களுக்குத் தெரியும். ஆட்சியில் இருப்பவர் பேசினால் கணீரென்று கேட்கும். ரிப்பன் வெட்டினால் கத்திரிச் சத்தம்கூடக் கேட்கும். எதிர்க்கட்சித் தலைவர் வந்தால் வாய் அசையும், கை அசையும், கழுத்து நரம்பு புடைக்கும். ஒரு சத்தம் வராது. "மேலும் பலரும் உரையாற்றினர்" என்று செய்தி வாசிப்பவர் சொல்லி முடிப்பதற்குள் வானிலை வந்துவிடும்.

முதல் தடவை இதைப் பார்த்ததும் ஹலோ பதறி எழுந்து ஓடினார். டிவிக்குப் பின்னால் போய் ஒயரை ஆட்டினார். பிளக்கைப் பிடுங்கிச் சொருகினார். மரத்தில் ஏறிக் குழாயைத் தட்டினார். இறங்கி வந்தபோது அங்கே மழை பெய்யும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், நன்றாகக் கேட்டது.

"நம்ம பக்கம் கோளாறு இல்லீங்க. டெல்லியில ஒயர் லூசு."

எங்கள் தமிழ் வாத்தியார் சிரித்துவிட்டார். "யோவ் ஹலோ, அது லூசு இல்லய்யா. வேணும்னே சத்தத்தைப் புடுங்கிட்டுக் காட்டுறானுங்க."

"சும்மா இருங்க சார். அங்கயும் ஒரு மைக்செட்டுக்காரன்தானே இருப்பான்? அவனும் சோறுதானே திங்கறான்? பேசற மனுசனை நிக்க வெச்சுச் சத்தத்தைப் புடுங்குவானா எவனாச்சும்? பாவம், ஒத்தை ஆளா இருப்பானுங்க. மந்திரி பக்கத்து ஒயரைப் பாத்துட்டு இந்தப் பக்கம் வாரதுக்குள்ள செய்தி முடிஞ்சு போயிருது."

தினமும் இந்தக் கூத்துதான். வாய் மட்டும் அசையும் ஒவ்வொரு தடவையும் அவர் எழுந்து போய் ஒயரை ஆட்டுவார். ஊர் கைதட்டிச் சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். டெல்லியில் முகம் தெரியாத ஒரு சக தொழிலாளிக்காக இந்த மனுஷன் பட்ட கவலையை அவனைப் பெற்ற தாய்கூடப் பட்டிருக்க மாட்டாள்.

எங்கள் ஊருக்கு ஆறுதான் சனி. தரைப்பாலம் ஒன்று உண்டு. ஐப்பசியில் தண்ணீர் வந்தால் அது எங்கே இருக்கிறது என்றே தெரியாது. மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரிகள் அந்தப் பக்கமும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாங்கள் இந்தப் பக்கமும் நிற்போம். ஒரு மழையில், பிரசவ வலி எடுத்த மகளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு கரையில் நின்றார் செல்லம்மா. தண்ணீர் வடியவில்லை. மகளும் பிழைக்கவில்லை, பிள்ளையும் பிழைக்கவில்லை.

அந்த வருஷமே ஒரு மந்திரி அந்த வழியாகத் தம்மம்பட்டிக்குப் போகிறார் என்று தகவல் வந்தது. மறித்துப் பாலம் கேட்பது என்று ஊர் கூடி முடிவானது. பின்னாலேயே டிவி வேனும் வருகிறதாம். ஹலோ அன்றைக்குக் காலையிலேயே குளித்து, ஆம்ப்ளிஃபயருக்குப் பொட்டு வைத்துவிட்டார். செல்லம்மாவைத் தேடிப் போய்ச் சொன்னார், "நீ பேசு சாமி. ஒயர் லூசாகாம நான் பாத்துக்கறேன். இன்னிக்கு டெல்லி வரைக்கும் கேக்கும்."

மந்திரி காரிலிருந்தே மனுவை வாங்கிக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். டிவிக்காரர்கள் மட்டும் சற்று நின்றார்கள். செல்லம்மா மைக்கைப் பிடித்து மகள் பெயரைச் சொல்லி ஆரம்பித்தார். அழாமல் பேசினார். கட்டில், தண்ணீர், இருட்டு, எல்லாம் சொல்லிவிட்டு, "எனக்கு இனிமே பாலம் எதுக்கு? மத்தவங்க பொண்ணுங்களுக்குக் கட்டுங்க" என்று முடித்தார். ஹலோ ஒரு கையில் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அந்த ஒயரை அசைக்க யமனாலும் முடிந்திருக்காது.

மறுநாள் சாயங்காலம் டிவி முன்னால் ஈ நுழைய இடமில்லை. செல்லம்மாவை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தோம். வந்தது செய்தி. மந்திரி ரிப்பன் வெட்டினார். அப்புறம் எங்கள் ஊர். எங்கள் ஆறு. செல்லம்மா முகம். வாய் அசைகிறது. செய்தி வாசிப்பவர் சிரித்த முகத்தோடு சொன்னார்: வழிநெடுகிலும் பொதுமக்கள் திரண்டு நின்று மந்திரிக்கு உற்சாக வரவேற்பு அளித்தனர்.

"நான் பேசினேனே சாமி" என்றார் செல்லம்மா. "எங்க போச்சு?"

ஹலோ எழுந்தார். டிவிக்குப் பின்னால் போனார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஒயரை ஆட்டவில்லை, நுனியிலிருந்து நுனிவரை விரலால் தடவிக்கொண்டே வந்தார்.

"ஒயர் நல்லாத்தானுங்க இருக்குது" என்றார்.

அதற்குப் பிறகு டிவி பார்க்க அவர் வரவே இல்லை. வேப்பமரத்துக் குழாய் மட்டும் செய்தி வாசித்துக்கொண்டிருந்தது.

அடுத்த கோடையில் அதே மந்திரி எங்கள் ஊருக்கே வந்தார். பாலம் கேட்ட ஊருக்குப் பஸ் நிழற்குடை கொடுத்திருந்தார்கள், அதன் திறப்பு விழா. ஆத்தூரிலிருந்து வேறு மைக்செட் வரவழைக்கலாம் என்று பஞ்சாயத்துத் தலைவரிடம் நான்கூடச் சொன்னேன். "அட போய்யா, இவன் கோட்டுல வெச்சுட்டுப் பொம்மை மாதிரி உக்காந்திருப்பான்" என்றுவிட்டார் தலைவர். டிவி வேனும் வந்திருந்தது.

மந்திரி பேச ஆரம்பித்தார். திட்டம், சாதனை, திட்டம். எல்லாம் கையில் இருந்த தாளைப் பார்த்து. தாள் தீர்ந்ததும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சொந்தமாகப் பேசத் தொடங்கினார். அந்த நேரத்தில் ஹலோவின் கை திருகுக்குப் போவதைப் பார்த்தேன். கோட்டை விட்டுத் திருகு இறங்கியது, அடிவரைக்கும்.

மந்திரி வாய் அசைகிறது, கை அசைகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது. சத்தம் இல்லை. தன் குரல் கேட்காததை அவரும் கவனிக்கவில்லை, பேச்சு அத்தனை உருக்கம். ஒரு கணம் கூட்டம் விழித்தது. அப்புறம் யாரோ, "மேலும் பலரும் உரையாற்றினர்!" என்று கத்தினான் பாருங்கள், வயிறு வெடிக்கச் சிரித்தது ஊர். வாத்தியார் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

சிரிக்காதவர் செல்லம்மா மட்டும். மேடையையே பார்த்துக்கொண்டிருந்தவர், எழுந்து ஆம்ப்ளிஃபயர் பக்கம் வந்தார்.

"என்ன சொல்றாரு சாமி அவரு? ஆத்துப் பக்கம் கையைக் காட்டுறாரே! பாலத்தைப் பத்தியா?"

ஹலோ திரும்பிப் பார்த்தார். ஆமாம். மந்திரியின் கை ஆற்றுப் பக்கம் நீண்டிருந்தது. ஹலோ பாய்ந்து திருகைப் பிடித்துக் கோட்டுக்கு ஏற்றினார். எல்லாக் குழாயும் முழங்கின:

"என்று கூறி விடைபெறுகிறேன். நன்றி, வணக்கம்."

மேடைமேல் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்க வேண்டுமல்லவா? ஹலோ ஓடினார். தலைவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாராம். மாலை போட வந்தவர் மாலைக்காரனோடு சண்டையில் இருந்தாராம். இன்னொருவர், "எப்பவும் பேசறதைத்தான்யா பேசியிருப்பாரு" என்றார். மந்திரி காருக்குப் பின்னால் சைக்கிளை மிதித்தார் மனுஷன். புழுதியைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை.

அன்றைய டிவி செய்தியில் மந்திரி பேச்சு ஒரு வரி விடாமல் வந்தது, தாளில் இருந்தது அத்தனையும். கூட்டம் விழுந்து விழுந்து சிரிப்பதையும் காட்டினார்கள். மந்திரியின் உரையை மக்கள் மகிழ்ச்சியோடு கேட்டார்களாம்.

ஊர் அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடத் தயாராக இருந்தது. டீக்கடையில் அவருக்குக் காசு வாங்கவில்லை. அவர் டீயையே குடிக்கவில்லை.

"விடுங்க ஹலோ. அவனுங்க பண்ணினதைத்தானே நீங்களும் திருப்பிப் பண்ணீங்க?" என்றேன்.

"அதேதானுங்க" என்றார். "அவனும் மைக்செட்டுக்காரந்தான்னு சொல்லிட்டுக் கெடந்தேன். நானும் அவந்தான்னு ஆயிருச்சு. அந்தம்மாவுக்கு நான் என்னங்க பதில் சொல்லுவேன்?"

அதற்குப் பிறகு அவர் எந்தக் கூட்டத்துக்கும் மைக் கட்டவில்லை. கல்யாணம், கோயில், அவ்வளவுதான். பாலம் வந்தது, எத்தனையோ ஆட்சி மாறி, செல்லம்மாவும் ஹலோவும் போய்ச் சேர்ந்த பிறகு. அன்றைக்கு மந்திரி பாலம் தருகிறேன் என்றாரா, இல்லை, ஆற்றங்கரைக் காற்று நன்றாக இருக்கிறது என்றாரா? கேட்டிருந்தால் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஊர் நாலு நடை நடந்திருக்கும். இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இப்போது என் வீட்டு டிவியில் ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு கட்சி, ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு கத்தல். "அந்தச் சனியனை அமுக்கித் தொலைங்களேன்" என்று உள்ளே இருந்து என் மனைவி சத்தம் போடுகிறாள். ரிமோட்டை எடுக்கிறேன். கட்டைவிரல் அந்தப் பொத்தான் வரை போகிறது. அமுக்க முடிவதில்லை. ஹலோ அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து என்னையே பார்ப்பது போலிருக்கிறது. ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, இந்தக் கத்தலுக்கு நடுவில் யாராவது ஆற்றுப் பக்கம் கையைக் காட்டுகிறார்களா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.