ராஜகுமாரிக்குக் கொடுத்த முடி

அன்புள்ள தங்கச்சிக்கு அக்கா எழுதிக்கொண்டது. இங்கே என் முழங்கால் தவிர எல்லாரும் சுகம். அங்கே உன் வாய்க்கும் கொஞ்சம் ஓய்வு கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன்.

நான் பொம்மைப்படம் பிடிக்கிற கொட்டகையில் கூட்டிப் பெருக்கிய காலத்தில் என் சடையை வெட்டி ராஜகுமாரி பொம்மைக்குக் கொடுத்தேன் என்று சொல்லிச் சொல்லி எனக்குச் சலித்துவிட்டது. "அக்காவுக்குப் பேன் புடிச்சு மொட்டையடிச்சாங்க, அதை மறைக்கக் கதை விடுறா"ன்னு போகிற வீட்டிலெல்லாம் சொல்ல உனக்குத்தான் சலிக்கவில்லை.

இப்போது கேள். நூலகத்தில் வேலை பார்க்கிற என் பேத்தி (அவள் படிப்புக்கு நூலகம்தான் அவளிடம் வந்து வேலை கேட்கணும்) அந்தப் பழைய படத்தைத் தேடிப் பிடித்து நேற்று அங்கேயே கூடத்தில் போட்டாள். ஆறாம் வகுப்புப் பாடத்தில் வருமே, நாட்டை விட்டுத் துரத்தப்பட்ட ராஜகுமாரி, அதே கதை. நான் ஐந்தோடு நின்றேன், நீ ஆறு போனாய், முடிவு என்னடி என்று கெஞ்சினேன், "நீயே படிச்சுக்கோ"ன்னு புத்தகத்தை மூடினாயே! இனி உன் தயவு வேண்டாம். பொம்மையைத் துளி நகர்த்தி ஒரு படம், இன்னும் துளி நகர்த்தி ஒரு படம், இப்படியே பிடித்து ஓட்டினால் உயிர் வந்து நடக்கிறது. கடல் வெறும் கசங்கின நீலத் துணி, தெரியத்தான் செய்கிறது, ஆனாலும் ராஜகுமாரி அதில் இறங்கும்போது எனக்குக் கால் சில்லிட்டது. காற்றே இல்லாத கொட்டகையில் ராஜகுமாரியின் முடி மட்டும் சிலிர்த்துக்கொண்டே இருக்கிறது. நகர்த்தின விரலெல்லாம் அதில் பட்டிருக்கிறது, அதுதான் காற்று. ராஜகுமாரி பின்பக்கம் காட்டித் திரும்பியதுதான் தாமதம், எழுந்து நின்று "என் முடி!"ன்னு கத்திவிட்டேன். பின்னாலிருந்தவர், "உக்காருங்கம்மா, தலை மறைக்குது" என்றார். "என் தலைதான் அங்க ஓடுது, இந்தத் தலை மறைச்சா என்ன போச்சு?" என்றேன். அதற்குள் ரீல் அறுந்து, விளக்குப் போட்டு, எல்லாரும் என்னையே பார்க்க, முழங்கால் மடங்காமல் மிச்சப் படத்தையும் நின்றே பார்த்தேன். மலையேறும்போது ராஜகுமாரி முகத்தில் ஒரு சுளிப்பு உண்டா? அப்படியே நம் குடும்பத்து ஜாடை. மருமகன்கூட, "அத்தை, அந்த நடை உங்க நடைதான்" என்றார். கூடவே ஒரு கழுதை வருகிறது, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கடைசியில் ராஜகுமாரி திரும்பி வந்தால் அரண்மனையில் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை, தாய் ஒருத்திதான் முடியைத் தடவிப் பார்த்து, "நீயா?" என்று கட்டிக்கொள்கிறாள். கூடமே அழுதது. எனக்கு அழக்கூடத் தெம்பில்லை, அவ்வளவு காலம் காத்திருந்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்துச் சத்தமாக வாசி. இனிமேலாவது என்னை நம்பு. பிள்ளைகளுக்கு என் ஆசி. உனக்கும் கொஞ்சம்.

இப்படிக்கு,
ராஜகுமாரிக்கு முடி கொடுத்த உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் பேத்தி, அந்தப் பொம்மைகளைச் செய்த பெரியவரை வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டாள். படித்த பிள்ளை, சும்மா இருக்காது. "உங்க சடையை மறப்பேனாம்மா? ராஜகுமாரிக்கு வெச்சுப் பார்த்தோம், முரட்டு முடி, படியல. அவளுக்குப் பட்டு நூல்தான். உங்களது கழுதை வாலுக்குக் கச்சிதமா அமைஞ்சுது" என்றார். ஆக, பேன் இல்லை என்பது உறுதியாகிவிட்டது. மறுபடி எழுதக் கையில் தெம்பில்லை. மேலே ராஜகுமாரி என்று வரும் இடத்திலெல்லாம் கழுதை என்று மாற்றிக்கொள், கையெழுத்து உட்பட. சத்தமாக மட்டும் வாசிக்காதே.